மாட்டேன் வேறு, ஏலாது வேறு

பக்கத்து வீட்டு அக்காவின் காது கேட்க யாரையாவது சோம்பேறி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், தொலைந்தோம். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்துவிடுவார். "மாட்டன் எண்டு சொன்னவனோ, ஏலாது எண்டு சொன்னவனோ? அதை முதல்ல சொல்லும்" என்பார். ஏலாது என்றால் அவர்கள் பேச்சில் முடியாது. நான் கடலுக்கு அந்தக் கரையில், மாக் மண்டினில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் லேடி சூப்பர்வைசராக இருந்தேன். என் கீழே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள் என்பது என் கருத்து. இன்றைக்கும் அதுதான் என் கருத்து. அதனால் எங்கள் இருவருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது கட்டாயம் உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்பா ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து காலமாகிவிட்டார். அம்மா, அக்கா, ஒரு தம்பி, ஆக மூன்று பேர். அம்மாவும் அக்காவும் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சுத்தான் பேசுவார்கள். தம்பி மட்டும் சந்தில் எங்களோடு வளர்ந்து எங்களைப் போலவே பேசினான். அக்கா லண்டனில் படித்தவர். ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இருந்தது, ஆனால் பதில் சொல்கிற பொறுமை அவருக்கு இல்லை.

அவருக்கு எல்லாமே அடுப்புத்தான். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டியாக அடுப்புகள் இருக்கின்றன என்பார். நாம் சாப்பிடுகிற சோறும் இழுக்கிற மூச்சும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அங்கே எரிந்தால்தான் கையைத் தூக்கலாம், நடக்கலாம், யோசிக்கலாம். "மனம் வைச்சாச் செய்யலாம் எண்டு எல்லாரும் லேசாச் சொல்லிப் போட்டுப் போகினம். மனம் வைக்கிறதுக்கும் நெருப்பு வேணும், தெரியுமோ? அடுப்பு அணைஞ்சு நூர்ந்து கிடக்கிறவனிட்டப் போய் ஏன் சமைக்கேல்லை எண்டு கேக்கலாமோ?"

"எங்க ஃபேக்டரி ஆளுக்கெல்லாம் அடுப்பு நல்லாத்தான் எரியுதுக்கா. கேண்டீன்ல போய்ப் பாருங்க லா" என்பேன். சிரிக்கவே மாட்டார். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது.

ஆனால் அவர் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. சாலை முனையில் சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடையில் பரிமாறுகிற பாய் ஒருவர் நின்றுகொண்டே தூங்குவார். குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே கண் சொருகிவிடும். முதலாளி எல்லார் முன்னாலும் அவரை எருமை, சோம்பேறி என்று காய்ச்சுவார். ஒருநாள் அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்காமலே பாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண் இமை வீங்கியிருக்கிறது, குரல் கரகரக்கிறது, இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்று என்னிடம் முணுமுணுத்தார். மறுநாள் அவரே பாயை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பாய் கடையில் ஓடி ஓடிப் பரிமாறினார். முதலாளிக்கே வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அக்காவின் பொட்டலத்தில் ஒரு துண்டு மீன் கூடுதலாக இருக்கும்.

அந்த ஒரு வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. உலகத்தில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை, சரியாக எரியாதவன்தான் இருக்கிறான் என்று அதன் பிறகு அவர் முழுக்க நம்பிவிட்டார்.

இவ்வளவும் யாருக்காக என்பது சந்து முழுக்கத் தெரியும். தம்பிக்காகத்தான். அக்கரையில் பிறை என்கிற ஊரில் நல்ல வேலையில் இருந்தவன் பௌடரில் விழுந்துவிட்டான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அப்படி விழாத தெரு இல்லை. ஹெராயினை வெளியில் பௌடர் என்பார்கள், டாடா என்பார்கள். வீட்டுக்குள் அந்தப் பேரையே சொல்ல மாட்டார்கள். அரசாங்கத்து மறுவாழ்வு நிலையத்துக்கு இரண்டு முறை போய், தேறி வந்து, இரண்டு முறையும் பழையபடி ஆனான். சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "இவன் மனம் வைச்சா விடலாம் பிள்ளை. வைக்கிறான் இல்லை."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "அம்மா, அவன் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஏலாது எண்டுதான் சொல்லுறான். அந்தச் சனியன் இல்லாமல் அவன்ரை செல்லுகளுக்கு எரியத் தெரியேல்லை. அவனிலை பிழை இல்லை."

"நீ ஒரு கதை சொல்லு" என்பார் அம்மா.

அக்கா கதை சொன்னார்தான். அதையும் சொல்ல வேண்டும். மின்விசிறி காணாமல் போனபோது ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவன் வேலைக்குப் போகாத நாட்களில் தொழிற்சாலைக்குப் போன் செய்து மஞ்சள் காமாலை என்றார். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது ஆஸ்துமாவுக்கு ஊசி போடுகிறான் என்று, இங்கிலீஷில், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார். தனக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷி. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தால் எழுந்துபோய் வாங்குகிற ஆள். தம்பி விஷயத்தில் மட்டும் தண்ணீர் குடிக்கிற மாதிரி பொய் வரும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்ப்பார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வேர் வந்தது அப்போதுதான். அக்காவோடு லண்டனில் படித்த தோழி ஒருத்தி ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தாள். அங்கே காட்டில் இபோகா என்று ஒரு செடி. அதன் வேர்ப்பட்டையை அங்குள்ளவர்கள் சடங்கில் தின்பார்களாம். தின்றவனுக்குக் கண்ணை மூடினால் படம் படமாக வருமாம், செத்தவர்கள் வந்து பேசுவார்களாம். ஹெராயினுக்கு அடிமையான சிலர் அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது அந்த வெறியே போய்விட்டது என்று மேல்நாட்டில் ஒரு பேச்சும் இருந்தது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அக்கா தோழிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் கொஞ்சம் தருவித்துவிட்டார்.

நான் நேரடியாகவே கேட்டேன். "என்னாக்கா இது, ஒரு போதைய விடுறதுக்கு இன்னொரு போதையா?"

அவர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே தொட்டியில் ஒரு நந்தியாவட்டை நின்றது. அம்மா தினமும் சாமிக்குப் பறிக்கிற பூ. "இதுக்கு ஒண்டுவிட்ட சகோதரம்தான் அது. ஒரே குடும்பம். பேய் பிசாசு ஒண்டும் இல்லை. எல்லாரும் அது காட்டுற படங்களைப் பற்றித்தான் கதைக்கினம். படம் கிடக்கட்டும். அந்த நேரத்தில செல்லுக்குள்ள என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு அதுதான் வேணும்."

அதற்கு அவருக்கு ஈஸ்ட் வேண்டியிருந்தது. ரொட்டித் தொழிற்சாலைக்காரியிடம் ஈஸ்ட்டுக்கா பஞ்சம்? நான் கொண்டுவந்து கொடுத்தேன். சமையலறை மேடையில் வரிசையாகப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஈஸ்ட் கரைத்த சர்க்கரைத் தண்ணீர், மூடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் நுனி ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீருக்குள். ஈஸ்ட் மூச்சு விடும்போது கோப்பையில் குமிழி வரும். குமிழி எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு வேகமாக உள்ளே எரிகிறது என்று அர்த்தம். சில போத்தல்களில் வேரின் சத்தைச் சேர்த்திருந்தார், சிலவற்றில் இல்லை. எனக்கு ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைத்த மாதிரித்தான் இருந்தது. அவர் அதன் முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கல்லூரியிலும் எடுத்துப்போய் ஏதேதோ அளந்து பார்த்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் வெளிச்சம். வேர் பட்டவுடன் செல்லின் கையிருப்பாக இருந்த சக்தி முதலில் இறங்குகிறதாம். செல் பயந்துபோய், அவசர அவசரமாக எரிக்க ஆரம்பிக்கிறதாம். அந்தப் பதற்றத்தில் புதிதாக அடுப்புச் சாமான்களைக் கட்டிக்கொள்கிறதாம். கொஞ்ச நேரம் போனதும் இருப்பு பழையபடி ஏறிவிடுகிறது; அதற்குப் பிறகு குறைந்த விறகில் அதே சமையலைச் செய்கிறது. "பாரும், பாரும்! விழுத்திப் போட்டு எழுப்புது. எழும்பினது முந்தினதைவிடக் கெட்டித்தனமா எரியுது. இவனுக்கு வேண்டியது இதுதானே?" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

தம்பியே கேட்டான். அதற்கு நான் சாட்சி. ஒட்டிப்போன கன்னத்தோடு சமையலறை வாசலில் நின்று அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "எனக்குக் குடுக்கா, செத்தாலும் பரவால்ல" என்றான். அக்கா அவன் வாயில் ஒரு அடி போட்டார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

தைப்பூசத்துக்கு அம்மா முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்கிய சமயத்தில் அக்கா வேரைக் கொடுத்தார். நான் துணைக்கு இருந்தேன். தெருவெல்லாம் மேளமும் காவடியுமாகப் போய்க்கொண்டிருக்க, அவன் அறையில் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தான், நடுங்கினான், ஆளில்லாத மூலையைப் பார்த்து ஏதோ பேசினான். அக்கா ஈரத்துணியோடு பக்கத்திலேயே இருந்தார். அம்மா திரும்பி வந்தபோது டெங்கிக் காய்ச்சல் என்று அக்கா சொன்னார். அடுத்த நாள் சாயங்காலம் அவன் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றான். அந்த வீட்டில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு கொஞ்ச நாட்கள் நன்றாகப் போயின. அவன் பௌடரைத் தொடவில்லை. பிறையில் ஒரு லோரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். காலையில் என்னோடு ஃபெரியில் வருவான், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்பான். ஒருநாள் தானாகவே அந்த வேர் தின்ற நாளைப் பற்றி என்னிடம் சொன்னான்.

"அன்னிக்கு எங்கப்பா வந்தாருக்கா. நான் செஞ்சதெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினாரு. திட்டவே இல்ல. அதான் தாங்க முடியல."

அவன் தேறியதை அவன், அக்கா, நான் என்று மூன்று பேரைத் தவிர ஒருத்தரும் நம்பவில்லை. சந்தில் அவனைக் கண்டால் வெளியே காயப்போட்ட செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்தார்கள். அம்மா அலமாரிச் சாவியை இடுப்பிலேயே முடிந்திருந்தார். அவன் வேலைவிட்டு வந்ததும் யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்து அம்மாவிடம் காட்டுவான், புதுத் தழும்பு இல்லை பார் என்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கள்ளன் உடம்பு வைச்சிட்டான் எண்டு அலுமாரியைத் திறந்து வைக்கட்டோ?" என்று என்னிடம் கேட்டார். பெற்றவள் அவர். இரண்டு தடவை நம்பி மோசம் போனவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த மாதிரி நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய இழுப்பு அவனுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. ஒளிக்காமல் அக்காவிடம் வந்து சொன்னான். "அடுப்பு மறுபடி மங்குதுக்கா. வழியில பௌடர் விக்கிறவனுங்க நிக்கிறானுங்க. தாண்டி வர முடியல. இன்னொருக்கா குடு." முடியல என்று அவன் சொன்னது அக்காவுக்குப் போதுமாக இருந்தது. ஈஸ்ட்டுக்கு இரண்டாம் தடவை கொடுத்தும் பார்த்திருந்தார். அது முதல் தடவையைவிட நன்றாகவே தாங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்கும் நான் வேலைக்கும் போயிருந்த பகலில், மீதியைக் கொடுத்தார்.

நான் ஃபெரியிலிருந்து இறங்கி வந்தபோது சந்தில் கூட்டம். படுத்திருந்தவன் படுத்தபடியே போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் இருந்த பழைய ஊசித் தழும்புகளைப் பார்த்தவுடனேயே அங்கே எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பௌடர் கேஸ் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பின்கட்டில் என்னிடம் சொன்னார். அழுகை இல்லை, வகுப்பில் பாடம் சொல்கிற குரல்.

"ஈஸ்ட்டுக்கு நெஞ்சு இல்லைத்தானே. துடிக்கிறதுக்கு அதிட்ட ஒண்டும் இல்லை. நான் எரியிறதை மட்டும்தான் பாத்தன். நெஞ்சுக்கு எரிஞ்சாக் காணாது, தாளம் பிசகாமல் அடிக்கவும் வேணும். அந்த வேர் தாளத்தைப் பிசகப் பண்ணிப் போட்டுது. என்ரை கை அவன்ரை நாடியிலதான் இருந்தது. பிசகினது விளங்கினது. செய்யிறதுக்குத்தான் ஒண்டும் இல்லை."

அக்காவே தொடர்ந்தார். 

"ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம். வாய் ஏலாமல் போச்சு எண்டு உமக்கு நான் சொல்ல மாட்டன். ஏலும். மாட்டன் எண்டுதான் நிண்டனான்." யாரையும் அப்படி ஒரு வார்த்தை சொல்லாதவர், தன்னைச் சொன்னார்.

கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். சமையலறையில் போத்தல்கள் புளித்து நாறிக் கிடந்தன, நான்தான் கொட்டிக் கழுவினேன். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் தினமும் மகனைச் சபித்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், பௌடர் அடித்துச் செத்தான், குடும்பத்தின் மானத்தை வாங்கிக்கொண்டு போனான் என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஐயர் வர வேண்டும், அவனுடைய படத்தை மாலை போட்டு வைக்க வேண்டும். படம் வைக்க முடியாது, தகப்பனுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் இல்லை என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அக்காவை எழுப்பியது அதுதான். தம்பி போனது போனதுதான். ஆனால் அவன் திருந்திப் போனான் என்பதாவது பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொன்னால் கொன்றது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத்தான் போகிறேன், நீர் பக்கத்தில் இரும் என்றார். நான் போனேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வேர் வந்தது, தைப்பூசத்தன்று கொடுத்தது, டெங்கி என்று சொன்னது, வெள்ளிக்கிழமை, தன் கையில் நாடி நின்றது. "அவன் விட்டிட்டான் அம்மா. கடைசி மட்டும் அதைத் தொடேல்லை. பௌடர் அவனைக் கொல்லேல்லை. நான்தான் கொன்றனான்."

அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார், வீட்டை விட்டுப் போ என்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக அக்காவின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்காக நீ சொல்லாத பொய் இல்லை. செத்த பிறகும் விடுறாய் இல்லையே பிள்ளை. கொலைப்பழியையே தூக்கி உன்ரை தலையில வைச்சிட்டாய்."

"இல்லை அம்மா, இது உண்மை. சத்தியமா உண்மை."

"உண்மைதாம்மா. தைப்பூசத்தன்னிக்கு நானும் இருந்தேன், பார்த்தேன்" என்றேன் நான்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "உன்னையும் பொய்க்குப் பழக்கி வைச்சிருக்கிறாள்."

அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். அம்மா அவர் முடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அழாதை பிள்ளை. உன்னைப் போல ஒரு சகோதரம் ஆருக்குக் கிடைக்கும்? அந்த நாய்க்குத்தான் குடுத்து வைக்கேல்லை."